கட்டணமில்லாச் சிகிச்சையும் ஒரு தந்தையின் கணக்கு நோட்டும்

சில ஆண்டுகளுக்கு முன், சென்னையில் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவில், வெளியூரிலிருந்து வருபவர்களுக்குக் காப்பீட்டுப் படிவங்களை நிரப்பித் தரும் வேலையில் சனிக்கிழமைகளில் உதவி வந்தேன். தருமபுரிப் பக்கமிருந்து 6 வயது மகளுடன் வந்திருந்த ஒரு தந்தை, தம் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த 40 பக்க நோட்டு ஒன்றை ஒருநாள் என்னிடம் காட்டினார். மகளுக்கு ரத்தப் புற்றுநோய். சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து ஆன செலவையெல்லாம் தேதி போட்டு எழுதி வைத்திருந்தார். மருத்துவமனைக்குக் கட்டிய பணம் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை அதைப் பார்த்துக்கொண்டது. இருந்த வரிகள் வேறு: பஸ், ஆட்டோ, அறை வாடகை, தண்ணீர் கேன், இட்லி, மறுபடியும் பஸ். செலவில்லாத நாட்களிலும் தேதிக்கு நேரே ‘கூலி இல்லை’ என்று எழுதியிருந்தார். வரவுப் பக்கத்தில் மொத்தம் மூன்றே பதிவுகள். அவற்றில் ஒன்று, ‘ஆடு 2’.

குழந்தைகளின் மருத்துவச் செலவை ஏற்கும் அறக்கட்டளைகளின் வேண்டுகோள் கைக்கு வரும்போதெல்லாம் எனக்கு அந்த நோட்டுதான் நினைவுக்கு வருகிறது. அந்தத் தொண்டு நிறுவனம் கொடுக்கும் பணம் அந்த நோட்டின் எந்த வரியை அழிக்கும்? மதிப்பீட்டை இந்தக் கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் நம்மில் பெரும்பாலோர் வேறொரு கேள்வியில் தொடங்கி, அதிலேயே முடித்தும் விடுகிறோம்.

அது எல்லோருக்கும் பழகிய கேள்வி: நான் கொடுக்கும் 100 ரூபாயில் எத்தனை ரூபாய் குழந்தைக்குப் போய்ச் சேரும்? இந்தக் கவலையில் நியாயம் உண்டு. சட்டமும் இதையொட்டிச் சில எல்லைகளை வகுத்திருக்கிறது. வெளிநாட்டு நன்கொடை பெறும் நிறுவனங்கள் அதில் நிர்வாகத்துக்காகச் செலவிடக்கூடிய உச்சவரம்பு 50 விழுக்காடாக இருந்தது. 2020ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் அதை 20 விழுக்காடாகக் குறைத்தது. வருமான வரித் துறையில் பதிவு பெற்ற அறக்கட்டளை, தன் ஆண்டு வருமானத்தில் 85 விழுக்காட்டைத் தன் நோக்கத்துக்கே செலவிட வேண்டும். இயலாதபோது காரணத்தைத் தெரிவித்து 5 ஆண்டுகள் வரை ஒதுக்கி வைக்கலாம். நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி ரசீது கிடைப்பதையே நற்சான்றாக எடுத்துக்கொள்பவர்கள் பலர். அது நிறுவனம் முறைப்படி பதிவு பெற்றிருக்கிறது என்பதைச் சொல்லுமே தவிர, அதன் பணியால் ஒரு குழந்தையாவது பிழைத்ததா என்பதைச் சொல்லாது. நிர்வாகச் செலவு விகிதமும் அப்படித்தான். வெளியூர்க் குழந்தைகளைத் தொடர்ந்து தொலைபேசியில் அழைத்து, அடுத்த தவணைக்கு வரவழைக்க ஒரு சமூகப் பணியாளரை நியமித்தால், அவர் சம்பளம் சில கணக்குகளில் நிர்வாகச் செலவாக ஏறிவிடுகிறது. அவரை வேலையிலிருந்து நிறுத்தினால் விகிதம் அழகாகும், குழந்தைகள் தவணைக்கு வராமல் போவார்கள்.

விகிதங்களுக்கு அப்பால் பார்ப்பது எப்படி என்பதைக் கற்க, உலகிலேயே மிக அதிக நன்கொடை பெறும் குழந்தைகள் மருத்துவமனைகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் மெம்பிஸ் நகரில் உள்ள செயின்ட் ஜூட் குழந்தைகள் ஆராய்ச்சி மருத்துவமனையைப் பற்றி வெளிப்படையான கணக்குகளும், கடுமையான விமர்சனமும், மறுக்க முடியாத சாதனைகளும் ஒருங்கே கிடைக்கின்றன. லெபனானிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்த நகைச்சுவை நடிகர் டேனி தாமஸ், கைவிடப்பட்டவர்களின் பாதுகாவலராகக் கத்தோலிக்கர்கள் வணங்கும் புனித யூதா ததேயுவிடம் செய்த நேர்ச்சையை நிறைவேற்ற எழுப்பியது அது. பணம் திரட்டுவதற்கென்றே 1957இல் அல்சாக் என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. மருத்துவமனை 1962 பிப்ரவரி 4 அன்று திறக்கப்பட்டது. நிறவெறி சட்டமாகவே நிலவிய தென் மாநிலங்களில், எல்லா இனக் குழந்தைகளையும் ஒரே வார்டில் சேர்த்துக்கொண்டது. சிகிச்சைக்கும், பயணத்துக்கும், தங்குமிடத்துக்கும், உணவுக்கும் எந்தக் குடும்பத்துக்கும் பில் வராது என்பது அதன் வாக்குறுதி. காப்பீடு உள்ள குழந்தையாக இருந்தால் காப்பீட்டு நிறுவனத்திடம் மருத்துவமனை பணம் கேட்கும், குடும்பத்திடம் கேட்காது.

மருத்துவத்தில் அது செய்ததைக் குறைத்துச் சொல்ல முடியாது. குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் புற்றுநோயான கடுமையான லிம்ஃபோபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோயில், 1962இல் 100 குழந்தைகளில் 4 பேர்தான் பிழைத்தார்கள். முதல் இயக்குநர் டொனால்ட் பிங்கல், பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதையும், மூளைக்குள் ஒளிந்திருக்கும் புற்றணுக்களைத் தனியே தாக்குவதையும், மாதக்கணக்கில் தொடரும் பராமரிப்பு மருந்தையும் ஒரே திட்டமாக இணைத்தார். அதுவரை எவரும் வாய்விட்டுச் சொல்லத் தயங்கிய ‘குணமாகும்’ என்ற சொல்லை அந்த நோய்க்கு நேரே எழுதும் நிலை அதனால் வந்தது. இன்று அங்கே அந்த நோயில் பிழைப்போர் 90 விழுக்காட்டுக்கும் மேல். இப்போது தமிழ்நாட்டில் ஒரு குழந்தைக்கு இந்நோய்க்காகக் கொடுக்கப்படும் சிகிச்சை முறையின் வேர்களில் ஒன்று அந்த மெம்பிஸ் வார்டில் இருக்கிறது.

இவ்வளவு செய்த நிறுவனத்தின் கணக்கை எதற்காகத் தோண்ட வேண்டும்? 2021 நவம்பரில் புரோபப்ளிகா என்ற புலனாய்வுச் செய்தி நிறுவனம் அதைத்தான் செய்தது. 2020 வரையிலான 5 நிதியாண்டுகளில் 730 கோடி டாலருக்கு மேல் நன்கொடை திரண்டிருந்தது. அதில் ஏறத்தாழப் பாதி மருத்துவமனையின் சிகிச்சைக்கும் ஆராய்ச்சிக்கும் போயிற்று. 30 விழுக்காடு அளவுக்குப் பணம் திரட்டும் வேலைக்கே செலவாயிற்று. மீதி, ஐந்தில் ஒரு பங்கு, இருப்பு நிதியில் சேர்ந்தது. அந்த இருப்பு 520 கோடி டாலரை எட்டியிருந்தது. புதிதாக ஒரு டாலர்கூட வராவிட்டாலும் ஏறத்தாழ நாலரை ஆண்டுகள் மருத்துவமனையை நடத்த அது போதும் என்று அந்தச் செய்தி கணக்கிட்டது. அதே காலத்தில், பில் வராத அந்த மருத்துவமனையில் மகனையோ மகளையோ சேர்த்திருந்த பெற்றோர் சிலர், வேலையிழந்தும், சேமிப்பைக் கரைத்தும், வண்டி நிறுத்துமிடத்தில் இரவைக் கழித்தும் வாழ்ந்ததை அது பதிவு செய்தது. பயண உதவி எத்தனை பேருக்கு, எத்தனை முறை என்ற விதிகள் இறுக்கமாக இருந்தன.

மெம்பிஸில் வண்டியில் உறங்கிய தந்தையும் தருமபுரியிலிருந்து வந்த தந்தையும் ஒரே கணக்கைத்தான் எழுதியிருக்கிறார்கள். பில் இல்லை என்பது வேறு, செலவு இல்லை என்பது வேறு.

மருத்துவமனையின் பதிலையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். ஒரு குழந்தையைச் சேர்த்துக்கொண்டால் ஆண்டுக்கணக்கில் பார்த்தாக வேண்டும். பொருளாதாரம் சரிந்து நன்கொடை வற்றினால் பாதிச் சிகிச்சையில் அனுப்ப முடியாது. ஆகவே இருப்பு வேண்டும் என்றது நிர்வாகம். அதே ஆண்டில் 6 ஆண்டுகளுக்கான 1,150 கோடி டாலர் விரிவாக்கத் திட்டத்தையும் அறிவித்திருந்தது. இது வெறும் சாக்கு என்று நான் நினைக்கவில்லை. கையிருப்பே இல்லாத சிறிய அறக்கட்டளை, நன்கொடையாளர் ஒருவர் விலகியதும் 3 ஆண்டுச் சிகிச்சையின் நடுவே குழந்தைகளைக் கைவிடுவதைவிடக் கொடியது வேறில்லை. ஆனாலும் எவ்வளவு இருப்பு போதும் என்ற கேள்வி நிற்கிறது. ஓராண்டு, ஈராண்டுச் செலவுக்கான இருப்பு பாதுகாப்பு. அதற்கு மேல் வளரும் ஒவ்வோர் ஆண்டுக்கும் அந்தப் பணத்துக்கு என்ன திட்டம் என்று கேட்க நன்கொடையாளருக்கு உரிமை உண்டு. கேள்வி எழுந்த பிறகு, குடும்பங்களுக்கான பயண, தங்கும் உதவிகளை அந்த மருத்துவமனை விரிவாக்கியது. தவறைக் காட்டினால் திருத்திக்கொள்ளும் நிறுவனம் என்பதும் மதிப்பீட்டில் சேர வேண்டிய குணம்தான்.

இந்த இடத்தில் ஒரு கணக்கு நுணுக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். பணம் கேட்டு வீடு வீடாக அனுப்பப்படும் கடிதத்தில், நோயின் அறிகுறிகள் பற்றி நான்கு வரி சேர்த்துவிட்டால், அக்கடிதச் செலவில் ஒரு பகுதியைப் ‘பொதுமக்கள் விழிப்புணர்வு’ என்ற தலைப்பில் நற்பணிச் செலவாகக் காட்ட அமெரிக்கக் கணக்கியல் விதிகள் நிபந்தனைகளோடு இடம் தருகின்றன. எனவே ‘80 விழுக்காடு நற்பணிக்கு’ என்ற வட்டப் படத்தைப் பார்த்தவுடன் மனம் நிறைந்துவிடக் கூடாது. நம் ஊர் ஆண்டறிக்கைகளிலும் ‘விழிப்புணர்வு’ என்ற வரி பெரிதாக இருந்தால், எங்கே, யாருக்கு, எந்த முகாமில் என்று கேட்பது முறை.

பிழைப்பு விகிதத்தை வைத்து மருத்துவமனைகளை ஒப்பிடுவதிலும் ஒரு பள்ளம் உண்டு. மெம்பிஸ் மருத்துவமனை பெரும்பாலும் தன்னிடம் நடந்துகொண்டிருக்கும் ஆய்வுகளுக்குப் பொருந்தும் நோயாளிகளையே சேர்த்துக்கொள்கிறது. நள்ளிரவில், காய்ச்சல் முற்றி, மூன்று மாவட்டம் தாண்டி வரும் குழந்தையையும் மறுக்காமல் சேர்க்கும் அரசு மருத்துவமனையின் விகிதத்தோடு அதை நேருக்கு நேர் வைக்க முடியாது. சிக்கலான குழந்தைகளை ஏற்கும் இடத்தில் இறப்பு கூடுதலாகத் தெரியும். நன்கொடையாளர்கள் அழகான விகிதத்தை மட்டும் தேடிப் போனால், கடினமான குழந்தைகளைச் சேர்க்காமல் தவிர்க்கும் பழக்கத்துக்கு நாமே பணம் கொடுத்தவர்களாவோம்.

இனி, மதிப்பீட்டின் நடுவேர் என்று நான் கருதுவது: இந்தப் பணம் இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும்? தமிழ்நாட்டில் 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறிய ஏற்பாடு, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பளிக்கிறது. குழந்தைகளின் இதய அறுவை, காது கேளாக் குழந்தைகளுக்கான காக்ளியர் கருவி, புற்றுநோய் மருந்துகள் எனப் பலவும் அதற்குள் வருகின்றன. 2013இல் மத்திய அரசு தொடங்கிய குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தின் குழுக்கள், அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் சென்று பிறவிக் குறைகளைக் கண்டறிந்து மேல்சிகிச்சைக்கு அனுப்புகின்றன. இந்நிலையில், திட்டத்திலேயே இலவசமாகச் செய்யக்கூடிய இதய அறுவைக்கு ஓர் அறக்கட்டளை தனியார் மருத்துவமனையில் சில லட்சம் கட்டினால், குழந்தை பிழைத்தது உண்மை. ஆனால் அந்தப் பணம் பிழைக்க வைத்தது என்று சொல்ல முடியாது. அரசு கட்டியிருக்க வேண்டியதை நன்கொடையாளர் கட்டினார், அவ்வளவே. அதே தொகையில் அந்தக் குடும்பத்தின் வருமானச் சான்றையும் அட்டையையும் இரண்டு நாளில் வாங்கித் தர ஓர் ஆளை வைத்திருந்தால், ஓராண்டில் எத்தனையோ குழந்தைகள் அறுவைக் கூடத்துக்குள் போயிருப்பார்கள். திட்டத்தில் இடம்பெறாத மருந்து, தீர்ந்துபோன உச்சவரம்பு, வருமான வரம்பைச் சிறிதே தாண்டிய குடும்பம் என்று உண்மையான இடைவெளிகள் இருக்கவே செய்கின்றன. நிறுவனம் அவற்றைப் பெயர் சொல்லிக் காட்ட வேண்டும்.

எண்ணிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு அறுவைக்கு நிதி தரும் ஸ்மைல் டிரெயின் 1999இல் தொடங்கியது. வெளிநாட்டு மருத்துவர்களை விமானத்தில் கூட்டி வருவதற்குப் பதிலாக, உள்ளூர் மருத்துவர்களைப் பயிற்றுவித்து, உள்ளூர் மருத்துவமனைக்கு அறுவைக்கு இவ்வளவு என்று பணம் தருவது அதன் வழி. 250 டாலரில் ஒரு குழந்தையின் வாழ்வு மாறும் என்பது அதன் புகழ்பெற்ற விளம்பரம். வழி மிகச் சரியானது என்றே நினைக்கிறேன். ஆனால் ‘இத்தனை அறுவைகள்’ என்ற எண்ணை மட்டும் பார்ப்பவர் மறந்துவிடும் ஒன்று உண்டு: உதட்டுக்கு 3 முதல் 6 மாதத்தில் ஓர் அறுவை, அண்ணத்துக்கு ஒரு வயதையொட்டி இன்னொன்று, பிறகு பேச்சுப் பயிற்சி, பல் வரிசைக்கான சிகிச்சை, 8 அல்லது 10 வயதில் ஈறு எலும்பில் ஒட்டு என்று அந்தக் குழந்தையின் மருத்துவம் பத்தாண்டு நீள்கிறது. தையல் பிரித்த அன்று எடுக்கும் படம் அழகானது. பள்ளியில் அந்தப் பிள்ளை வாய்விட்டுப் படிப்பது மற்றவர்களுக்குப் புரிகிறதா என்பதை அந்தப் படம் சொல்லாது. பேச்சுப் பயிற்சிக்கும் நிதி தரும் அமைப்பு, அறுவை எண்ணிக்கையில் பின்தங்கினாலும், கூடுதலாகவே சாதிக்கிறது.

புற்றுநோய்க்கு வந்தால் இந்த நீளம் உயிர்ப் பிரச்சினையாகிறது. ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் நீடிக்கும். முதல் மாதங்களில் மருந்து வெள்ளையணுக்களை அடிமட்டத்துக்கு இறக்கிவிடும். அந்த நேரத்தில் காய்ச்சல் வந்தால், அது சாதாரணக் காய்ச்சல் இல்லை. ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியே ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பது மருத்துவர்கள் வகுத்திருக்கும் இலக்கு. குழந்தை மருத்துவமனையிலிருந்து 10 நிமிடத் தொலைவில், சுத்தமான தண்ணீரும் தனிச் சமையலும் உள்ள அறையில் இருந்தால் பிழைக்கும். நடைபாதையில் படுத்திருந்தால் தொற்று வரும். ஊருக்குத் திரும்பியிருந்தால், காய்ச்சலோடு பஸ் ஏறி வந்து சேர்வதற்குள் நேரம் கடந்துவிடும். அறை வாடகையை நாம் ‘மருத்துவம் சாராத செலவு’ என்று தனியே ஒதுக்குகிறோம். அந்தக் குழந்தைக்கு அந்த அறையும் மருந்துதான்.

இன்னும் ஒரு கொடுமை, நடுவில் நின்றுபோவது. முதல் மாதத்தில் ரத்தத்தில் புற்றணு கண்ணுக்குத் தெரியாமல் மறையும், குழந்தை ஓடியாடும், முடி மறுபடி முளைக்கும். ஊரில் நடவு தொடங்கியிருக்கும், வீட்டில் இன்னொரு குழந்தை தனியாக இருக்கும், கடன் கேட்பவர் வாசலில் நிற்பார். சரியாகிவிட்டது என்று நம்பிக் கிளம்பிவிடுவார்கள். நோய் திரும்பும்போது முன்னைவிடக் கடினமாகத் திரும்பும். ஆண்டுதோறும் உலகில் ஏறத்தாழ 4 லட்சம் குழந்தைகளும் பதின்வயதினரும் புற்றுநோய்க்கு ஆளாகிறார்கள் என்றும், வளமான நாடுகளில் 80 விழுக்காட்டுக்கு மேல் குணமடைய, வறிய, நடுத்தர வருமான நாடுகள் பலவற்றில் அது 30 விழுக்காட்டுக்கும் குறைவு என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தாமதமாகக் கண்டறிவது, மருந்து கிடைக்காமை ஆகியவற்றோடு, சிகிச்சையைப் பாதியில் விடுவதையும் அது முதன்மைக் காரணங்களில் ஒன்றாக வைக்கிறது.

மருந்து கிடைக்காமை என்ற அந்த வரிதான் மெம்பிஸ் கதையை மறுபடி திறக்கிறது. 2021 டிசம்பரில் செயின்ட் ஜூட் மருத்துவமனை, உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து, வறிய நாடுகளின் குழந்தைகளுக்குத் தரமான புற்றுநோய் மருந்துகளை இலவசமாகக் கிடைக்கச் செய்ய, 6 ஆண்டுகளில் 20 கோடி டாலர் தருவதாக அறிவித்தது. 2025 பிப்ரவரியில் முதல் மருந்துகள் மங்கோலியாவுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் போய்ச் சேர்ந்தன. இருப்பு நிதியின் அளவோடு ஒப்பிட்டால் இது சிறு தொகை. ஆனால் நன்கொடையின் ஒவ்வொரு டாலரும் கூடுதலாக உயிர் காக்கும் இடம் எது என்று கேட்டால், ஏற்கெனவே 90 விழுக்காடு பிழைக்கும் வார்டைவிட, மருந்தே எட்டாத வார்டைத்தான் நான் காட்டுவேன்.

பெயர் ஒற்றுமையால் பலர் குழம்புவதால் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2006இல் மும்பையில் தொடங்கிய செயின்ட் ஜூட் இந்தியா குழந்தைகள் பராமரிப்பு மையங்கள் வேறு நிறுவனம். அது மருத்துவமனை நடத்துவதில்லை. புற்றுநோய்ச் சிகிச்சைக்காகப் பெருநகரம் வரும் ஏழைக் குடும்பங்களுக்கு மருத்துவமனைக்கு அருகே இலவசமாக ஓர் அறை, சமையலுக்கு அடுப்பும் பொருளும், மருத்துவமனை போய்வர வண்டி, மன ஆறுதல் ஆகியவற்றைத் தருகிறது. சென்னையிலும் அதன் மையம் உண்டு. நான் மேலே சொன்ன நோட்டின் வரிகளோடு இந்தப் பட்டியலைப் பொருத்திப் பாருங்கள். நிர்வாக விகிதத்தைப் பார்க்கும் முன்பே, இடைவெளியைச் சரியாகக் கண்ட அமைப்பு என்று தெரிந்துவிடுகிறது.

தனி ஒரு குழந்தையின் படத்தைப் போட்டு இணையத்தில் நிதி திரட்டுவதைப் பற்றி விரைந்து சொல்லிவிடுகிறேன். அவசரத்தில் அது பல குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கிறது. கொடுப்பவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பணம் நேரே மருத்துவமனைக் கணக்குக்குப் போகிறதா, தேவைக்கு மேல் சேர்ந்தால் யாருக்குப் போகும், மருத்துவமனையின் செலவு மதிப்பீட்டுக் கடிதத்தில் உள்ள சிகிச்சை அரசுத் திட்டத்தில் கிடைக்குமா என்ற மூன்றையும் கேட்டுவிட்டுக் கொடுப்பது நல்லது. குழாய் செருகிய குழந்தையின் முகத்தை, அது வளர்ந்த பிறகும் அழியாதபடி உலகுக்குக் காட்டும் நிறுவனம், பெற்றோரிடம் எந்த நிலையில் ஒப்புதல் வாங்கியது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஐசியூ வாசலில் நிற்கும் தாய் எதில்தான் கையெழுத்துப் போடமாட்டாள்?

நான் இப்போது எந்த அமைப்புக்கும் கொடுப்பதற்கு முன் ஒரே கடிதம் எழுதுகிறேன். கடந்த இரண்டு ஆண்டுகளில் உங்களிடம் வந்த குழந்தைகள் எத்தனை பேர், சிகிச்சையை முடித்தவர்கள் எத்தனை, நடுவில் நின்றவர்கள் எத்தனை, ஏன்? தணிக்கை செய்த கணக்கையும் கேட்கிறேன். ஆனால் இந்தப் பதிலுக்குத்தான் காத்திருக்கிறேன். பளபளப்பான ஆண்டறிக்கையை இணைத்து அனுப்பிவிட்டு இந்த ஒரு வரிக்குப் பதில் தராத பெரிய நிறுவனங்கள் உண்டு. ஓர் ஊரில் ஓய்வுபெற்ற செவிலியர்கள் சிலர் நடத்தும் சிறிய அறக்கட்டளை, இரண்டே நாளில் பதில் அனுப்பியது. கோடு போட்ட தாளில் கையால் எழுதிய பட்டியல், அதன் கைபேசிப் படம். பெயர்களை மறைத்து எண் மட்டும் போட்டிருந்தார்கள். 31 குழந்தைகள். ‘நின்றவர்’ என்ற பத்தியில் நான்கு எண்களும், ஒவ்வொன்றுக்கும் நேரே காரணமும் இருந்தன. 17ஆம் எண்ணுக்கு நேரே இப்படி எழுதியிருந்தது: ‘அம்மாவுக்குப் பிரசவம். பாட்டிக்குச் சென்னைக்கு வரத் தெரியாது. மார்ச் முதல் நம் ஆள் போய்க் கூட்டி வருகிறார். திரும்பச் சேர்ந்தது.’

அந்த ‘நம் ஆள்’ வாங்கும் சம்பளமும் பஸ் கட்டணமும் அவர்களுடைய கணக்கில் நிர்வாகச் செலவு என்ற தலைப்பின் கீழ்தான் இருந்தன.